அமெரிக்கக் குடியரசு உருவான வரலாற்றை ஆய்வு நூல்கள் வழியாகப் படிக்க எங்கே தொடங்குவது?

கேள்வி கேட்டவர் வாஷிங்டன், ஹாமில்டன் வாழ்க்கை வரலாறுகளைப் படித்து முடித்திருக்கிறார். பேராசிரியர்கள் எழுதிய கனமான நூல்களை எடுத்தால் ஐம்பதாம் பக்கத்தோடு நின்றுபோகிறதாம்.

நின்றுபோவதற்கு ஆங்கிலம் காரணமல்ல. அந்த நூல்கள் கதை சொல்வதில்லை, வாதாடுகின்றன. பஞ்சாயத்து பாதி நடந்த பிறகு வந்து உட்கார்ந்தவருக்கு யார் யாரைத் திட்டுகிறார்கள் என்றே புரியாது இல்லையா, அதே கதைதான். அதனால் "ஸ்தாபகர்கள்" என்று பொத்தாம்பொதுவாகப் படிக்காமல் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: 1781-ல் அமலுக்கு வந்த கூட்டமைப்பு ஒப்பந்தத்தை ('ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் கான்ஃபெடரேஷன்', 13 மாநிலங்களைச் சேர்த்துக் கட்டிய முதல் உடன்படிக்கை) எட்டே வருடத்தில் ஏன் கைகழுவினார்கள்? இந்தத் துறையின் பெரிய சண்டைகளில் பாதி இதைச் சுற்றித்தான்.

முதலில் மூலப் பிரதிகள் இரண்டு. கூட்டமைப்பு ஒப்பந்தத்தில் 13 விதிகள், 1787 அரசியலமைப்பில் 7 பிரிவுகள். இரண்டையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை அடிக்கோடிடுங்கள். காங்கிரசுக்கு (மாநிலப் பிரதிநிதிகள் கூடும் மத்திய அவை) வரி போடும் அதிகாரம் கிடையாது, மாநிலங்களிடம் கேட்கத்தான் முடியும். திருத்தம் செய்ய 13 மாநிலங்களும் சம்மதிக்க வேண்டும். இறக்குமதிக்கு 5 சதவீத வரி என்று 1781-ல் காங்கிரஸ் கேட்டது; 1782-ல் ரோட் ஐலண்ட் மறுத்ததும் அது படுத்துவிட்டது. 1783-ல் மறுபடி கேட்டார்கள், அதை நியூயார்க் முடக்கியது. இது மனதில் பதியாவிட்டால் பிறகு படிப்பதெல்லாம் அந்தரத்தில் தொங்கும்.

அடுத்து எட்மண்ட் மார்கன் எழுதிய 'தி பர்த் ஆஃப் த ரிபப்ளிக்'. 1956-ல் வந்த சின்னப் புத்தகம், 1763 முதல் 1789 வரையிலான வரிசையை மண்டையில் ஏற்றிவிடும். அடிமைகளும் பூர்வகுடிகளும் அதில் ஓரமாகத்தான் வருவார்கள். அந்தக் குறையை ஆலன் டெய்லரின் 'அமெரிக்கன் ரெவல்யூஷன்ஸ்' (2016) நிரப்பும். அவர் கண்டம் முழுவதையும் பார்க்கிறார்.

இனி சண்டைக்கு வருவோம். 1913-ல் சார்லஸ் பியர்ட் என்பவர், அரசியலமைப்பை எழுதியவர்கள் தங்கள் கையிலிருந்த அரசுக் கடன் பத்திரங்களின் மதிப்பைக் காப்பாற்றத்தான் எழுதினார்கள் என்ற பொருள்பட ஒரு குண்டு போட்டார். ஆதாரம் கருவூலத் துறையின் பழைய பேரேடுகள். 1950-களில் ராபர்ட் பிரவுனும் ஃபாரஸ்ட் மெக்டொனால்டும் அந்த ஆதாரத்திலேயே கை வைத்தார்கள். பேரேடுகளில் பெரும்பாலானவை 1790-ஐ ஒட்டியவை. அன்று ஒருவர் கையில் பத்திரம் இருந்ததால் 1787-லும் இருந்தது என்று எப்படிச் சொல்வது? ஆய்வு நூலைப் படிப்பதென்றால் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: சான்று எந்த வருடத்தது, எதற்காக எழுதப்பட்டது?

1967-ல் பெர்னார்ட் பெய்லின் பணத்தை விட்டுவிட்டுப் புரட்சிக் காலத் துண்டுப் பிரசுரங்களைக் கையிலெடுத்தார். அவர்கள் எதற்குப் பயந்தார்கள், என்ன நம்பினார்கள் என்பதே அவருக்கு முக்கியம். அவர் மாணவர் கார்டன் வுட் 1969-ல் எழுதிய 'தி கிரியேஷன் ஆஃப் தி அமெரிக்கன் ரிபப்ளிக்' 600 பக்கத்துக்கு மேல். பலர் கவிழ்வது இங்கேதான், ஏனென்றால் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்குகிறார்கள். 10 முதல் 13 வரையிலான அத்தியாயங்களை முதலில் படியுங்கள். நம் கேள்விக்கான பதில் அங்கே இருக்கிறது. பிடித்துப்போனால் முன்பக்கம் திரும்புங்கள். பிறகு கையோடு வுடி ஹோல்ட்டனின் 'அன்ரூலி அமெரிக்கன்ஸ்' (2007). போர்வீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் கொடுத்த சான்றிதழ்களை வியாபாரிகள் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்ததும், அதற்கு வட்டி கட்ட மாநிலங்கள் விவசாயிகள் மேல் வரி சுமத்தியதும், கொதித்தவர்களுக்குச் சில சட்டமன்றங்கள் சலுகை கொடுத்ததும் அதில் வரும். அப்போதுதான் பிரிவு 1, உட்பிரிவு 10-க்கு அர்த்தம் விளங்கும்: மாநிலங்கள் காகிதப் பணம் வெளியிடக் கூடாது, ஒப்பந்தக் கடமையைக் குறைக்கும் சட்டம் போடக் கூடாது. வுட்டுக்கு இது சிந்தனையின் கதை, ஹோல்ட்டனுக்குக் கடன் கொடுத்தவனுக்கும் கடன்பட்டவனுக்கும் நடந்த சண்டையின் கதை. என் கணிப்பில், தனித்தனியாகப் படித்தால் இரண்டுமே ஏமாற்றும்.

இப்போது ஒரு சின்னப் பயிற்சி. மாக்ஸ் ஃபாரண்ட் 1911-ல் தொகுத்த, அரசியலமைப்பை எழுதிய 1787 மாநாட்டின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடிக்குறிப்புகளில் "ஃபாரண்ட் 2:177" என்று பார்த்தால் இரண்டாம் தொகுதி, 177-ஆம் பக்கம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஆகஸ்ட் 6-ஆம் தேதி வரைவு இருக்கும். முகப்புரை "நியூ ஹாம்ஷயர், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட்... மாநிலங்களின் மக்களாகிய நாங்கள்" என்று ஒவ்வொரு பெயராக அடுக்கிக்கொண்டு போகும். ரோட் ஐலண்ட் மாநாட்டுக்கு ஆளே அனுப்பவில்லை, ஆனாலும் பெயர் இருக்கிறது! பிறகு 2:590. செப்டம்பரில் வந்த இறுதி வரைவில் பட்டியல் காணாமல் போய் "ஐக்கிய மாநிலங்களின் மக்களாகிய நாங்கள்" ஆகிவிட்டது. தத்துவத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தாலும் நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. 9 மாநிலங்கள் ஒப்புக்கொண்டால் போதும் என்று முடிவெடுத்த பிறகு, எந்த 9 என்று யாருக்குத் தெரியும்?

அந்தப் பதிவுகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். மாநாடு பூட்டிய கதவுக்குள் நடந்தது. அங்கே உறுப்பினராக உட்கார்ந்து குறிப்பெடுத்த ஜேம்ஸ் மேடிசனின் குறிப்புகள் 1840-ல்தான் அச்சாகின, அவர் இறந்து நான்கு வருடம் கழித்து. காகிதத்தையும் கையெழுத்தையும் ஆராய்ந்து மேரி சாரா பில்டர் 2015-ல் வெளியிட்ட நூல், மேடிசன் பல இடங்களைப் பின்னாளில் திருத்தினார் என்றும், ஆகஸ்ட் 21-க்குப் பிறகான பகுதியை 1789 வாக்கில்தான் எழுதி முடித்தார் என்றும் வாதிடுகிறது. 2015-க்கு முந்தைய நூல் "மேடிசன் அன்று இப்படிச் சொன்னார்" என்றால் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள். ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85-க்கும் இதே எச்சரிக்கை. அவை மாநாட்டின் அறிக்கை அல்ல, நியூயார்க் வாக்காளர்களை அரசியலமைப்பின் பக்கம் இழுக்கப் பத்திரிகையில் எழுதிய பிரசாரம்.

தமிழில் யோசித்துப் படிப்பவர்களுக்கு வேறு சில பள்ளங்களும் உண்டு. 'ஸ்டேட்' என்றால் உடனே நமக்குத் தமிழ்நாடு, கேரளா நினைவுக்கு வரும். இந்தியாவில் அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றமே மாநில எல்லையை மாற்றலாம். அங்கே கதை தலைகீழ், மாநிலங்கள் சேர்ந்துதான் மத்திய அரசை உண்டாக்கின. 1780-களைப் படிக்கும்போது 'நட்பு நாடு' என்று நினைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 'கரப்ஷன்' என்பதை லஞ்சம் என்று மட்டும் படித்தால் பெய்லின் புரியவே மாட்டார். மன்னரின் அமைச்சர்கள் பதவியும் ஓய்வூதியமும் கொடுத்து நாடாளுமன்ற உறுப்பினர்களை வளைத்துப்போடுவதே அந்தக் காலத்து எழுத்தில் முக்கியமான கரப்ஷன்.

பணக்கணக்கும் காலை வாரும். ஒரே ஸ்பானிஷ் டாலர் மாசசூசெட்ஸிலும் வர்ஜீனியாவிலும் 6 ஷில்லிங், நியூயார்க்கில் 8, பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ். பவுண்டில் தொகையைப் பார்த்தால் எந்த மாநிலத்துப் பவுண்ட் என்று பார்க்காமல் ஒப்பிட வேண்டாம். பழைய அச்சில் 'எஸ்' எழுத்து 'எஃப்' போல நீண்டிருக்கும். இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

ஆட்களைக் குழப்பிக்கொள்வது இன்னொன்று. 1787 மாநாட்டில் ஜெஃபர்சனும் கிடையாது, ஜான் ஆடம்ஸும் கிடையாது. ஒருவர் பாரிஸில், மற்றவர் லண்டனில். சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் 6 பேர் மட்டுமே அரசியலமைப்பிலும் கையெழுத்திட்டவர்கள்.

அடிமைமுறை பற்றி 2 நூல்களை எதிரெதிராக வைத்துப் படியுங்கள்: டேவிட் வால்ட்ஸ்ட்ரைக்கர் (2009), ஷான் விலென்ட்ஸ் (2018). அரசியலமைப்பில் 'அடிமை' என்ற சொல்லே 1787-ல் இடம்பெறவில்லை. ஐந்தில் மூன்று பங்குக் கணக்கு (மாநிலத்தின் பிரதிநிதிகள் எண்ணிக்கைக்கு அடிமைகளை ஐந்தில் மூன்றாக எண்ணுவது), ஆள் இறக்குமதியை 1808 வரை தடுக்கக் கூடாது என்ற விதி, தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்கும் விதி மூன்றும் இருக்கின்றன. சொல்லைத் தவிர்த்தது வெட்கத்தாலா, பின்னாளில் அடிமைமுறையை ஒழிக்க வேண்டுமென்றே கதவைத் திறந்துவைக்கவா, மறைக்கவா என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள்.

மாநிலங்கள் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்ட ஒப்புதல் கட்டத்துக்குப் பாலின் மேயரின் 'ராட்டிஃபிகேஷன்' (2010) ஒன்றே போதும். மாசசூசெட்ஸ் 187-168, வர்ஜீனியா 89-79, நியூயார்க் 30-27 என்று வாக்குகள் எவ்வளவு நெருக்கம் என்று பாருங்கள்.

இடையில் அலுத்தால் போரின் மறுமுனையைப் படிக்கலாம். அமெரிக்காவில் தொடங்கிய அந்தப் போர் பிரான்ஸையும் இழுத்துவிட்டதால், அதன் கடைசி மோதல்களில் ஒன்று 1783 ஜூனில் நம் கடலூரில் நடந்தது. அமெரிக்காவில் யார்க்டவுனில் சரணடைந்த அதே பிரிட்டிஷ் தளபதி கார்ன்வாலிஸ்தான் 1792-ல் திப்புவிடமிருந்து திண்டுக்கல்லையும் பாராமகாலையும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) வாங்கியவர்.

கடிதங்களுக்கு 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளம் இலவசம். தேடும்போது தேதி வரம்பைக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். அதில் இருப்பவை பெரிய தலைகளின் காகிதங்கள் மட்டுமே. அரசியலமைப்பை எதிர்த்த ஜார்ஜ் மேசன் போன்றவர்களுக்குத் தனித் தொகுப்பு அங்கே இல்லை, மற்றவர்களின் கடிதப் போக்குவரத்தில்தான் எட்டிப்பார்ப்பார்கள். வாட்ஸப்பில் சுற்றும் ஜெஃபர்சன் பொன்மொழி எதையாவது அங்கே தேடிப்பாருங்கள். பல சமயம் பூஜ்யம்தான் வரும்.