ஜப்பானியத் தரம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். ஜப்பானியத் தொழிற்சாலைகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் பயிற்சிக்கு வரும் பையன்களுக்குப் படிக்கக் கொடுப்பேன். போன வாரம் ஒருவன் ஜப்பானின் டைஹாட்சு கார் கம்பெனி சோதனைகளில் செய்த முறைகேடு பற்றிய யூடியூப் வீடியோவைக் காட்டி, “ஜப்பான் தரம் எல்லாம் பொய்யாமே சார்?” என்றான். எனக்குப் பதில் வரவில்லை. நாம் ஏமாந்துவிட்டோமா?

முருகவேல்

அன்புள்ள முருகவேல்,

பொய்யில்லை. ஆனால் பையன் கேட்டது நியாயமான கேள்வி. என் கட்டுரையும் ஒரு பக்கத்தைத்தான் சொன்னது.

தரம் என்பதை ஜப்பானியரின் பிறவிக்குணமாகவே ஊடகங்கள் எழுதிவந்திருக்கின்றன. போருக்கு முன்பு ஜப்பான் சாமான் என்றால் மேற்கில் மலிவுச் சரக்கு. 1980 ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சியான என்பிசி ஜப்பானியத் தொழில்துறை பற்றி ஒளிபரப்பிய ஆவணப்படத்துக்குப் பின் அமெரிக்கர்களுக்கு அதே ஜப்பான் வாத்தியார். 2017இல் கோபே ஸ்டீல் என்ற ஜப்பானிய உலோகக் கம்பெனி அலுமினியம், செம்புப் பொருள்களின் சோதனை விவரங்களைத் திருத்தியது வெளிவந்ததும் எல்லாம் முடிந்தது என்றார்கள். பிறவிக்குணம் இப்படியா மாறும்? தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை 1998இல் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு சென்னையில் இருந்தபடியே வாங்கியதே.

அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த அமெரிக்கர் டெமிங் 1950இல் ஜப்பானில் சொல்லிக்கொடுத்தது புள்ளியியல். குறையுள்ள பாகத்தைக் கடைசியில் பொறுக்கி எறிவதை விட, குறை எங்கே உண்டாகிறது என்று தேடச் சொன்னார். டொயோட்டாவில் இதற்கு இன்னும் பழைய வேர் உண்டு. டொயோட்டா குழுமத்தின் மூதாதையான சகிச்சி டொயோடா செய்த தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். அதே எண்ணம்தான் ஆண்டான் கயிறாக வந்தது. குறையைக் கண்டால் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். சிக்கல் தீராவிட்டால் லைனே நிற்கும். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

டைஹாட்சு அந்த டொயோட்டாவுக்கே சொந்தமான கம்பெனி. 2023 டிசம்பரில் விசாரணைக் குழு 64 மாடல்களில் 174 முறைகேடுகளைச் சொன்னது. மிகப் பழையது 1989இல் நடந்தது. மோதல் சோதனையில் சென்சார் விரிக்க வேண்டிய ஏர்பேக்கை டைமர் வைத்து விரித்திருக்கிறார்கள்! குழு சொன்ன முக்கியக் காரணம், மூச்சுவிட முடியாத கால அட்டவணை. சோதனையில் தோற்றால் தேதி தள்ளிப்போகும். அதைச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிவில்லை. லைனில் இருந்த கயிறு சோதனைக்கூடத்தில் இல்லை. என் கண்ணில் பட்ட செய்திகளோ இதை ஒரு வரியில் கடந்துவிட்டு, அதிகாரிகள் குனிந்து மன்னிப்புக் கேட்கும் படத்தைப் பெரிதாகப் போட்டன.

“காகிதத்தில்தானே தப்பு, வண்டி நல்ல வண்டி” என்பவர்களையும் நான் ஏற்கமாட்டேன். தகாட்டா என்ற ஜப்பானியக் கம்பெனியும் காகிதத்தில்தான் சோதனை விவரங்களைத் திருத்தியது; அதன் ஏர்பேக்குகள் வெடித்துச் சிதறிய உலோகத் துண்டுகள் மனிதர்களைக் கொன்றிருக்கின்றன.

கட்டுரையைத் தொடர்ந்து கொடுங்கள், டைஹாட்சு கதையையும் சேர்த்து. அப்புறம், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். லாரி கிளம்பும் நேரத்தில் அந்தப் பையன் ஒரு குறையைப் பார்த்துவிட்டு “நிறுத்துங்க” என்றால் உங்கள் கம்பெனியில் என்ன நடக்கும்? எழுதுங்கள்.