சுகரை மறைக்கச் சொன்ன ஏஜென்ட் அண்ணாச்சி

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு ஏழு வருஷமாகச் சுகர். மருத்துவக் காப்பீடு எடுத்தபோது ஏஜென்ட் அண்ணாச்சி, "அதை எழுதினா பாலிசி கிடைக்காதும்மா, அஞ்சு வருஷம் ஓட்டிட்டா யாரும் கேட்க முடியாது" என்று சொல்லி 'இல்லை' என்பதில் டிக் போட்டுவிட்டார். ஒன்றரை வருஷம் ஆகிறது. அவர் சொன்னது சரியா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: அண்ணாச்சி கணக்கு சரி, சொன்ன புத்திதான் சரியில்லை. பாலிசி விடாமல் 60 மாதம் ஓடிவிட்டால், அதை மறைத்தாய் இதைச் சொல்லவில்லை என்று கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2024-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதியை மாற்றியது நிஜம். முன்பு அது 8 வருஷம். ஆனால் மோசடி என்று நிரூபித்துவிட்டால் அந்த 60 மாதமும் காப்பாற்றாது.

உங்களுக்கு இன்னும் மூன்றரை வருஷம் பாக்கி இருக்கிறது. நடுவில் ஒருநாள் நெஞ்சுவலி என்று வண்ணார்பேட்டைக்கோ பாளையங்கோட்டைக்கோ தூக்கிக்கொண்டு ஓடினால், டியூட்டி டாக்டர் முதலில் கேட்பதே "சுகர் எத்தனை வருஷமா?" என்றுதான், நீங்களும் அந்தப் பதற்றத்தில் "அது ஆச்சு சார் ஏழெட்டு வருஷம்" என்பீர்கள், அவர் கேஸ் ஷீட்டில் எழுதுவார், அந்தத் தாள் அப்படியே கம்பெனிக்குப் போகும். டாக்டரிடம் போய் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், உயிர் விஷயம்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்பு (அந்த நோய்க்கு கிளெய்ம் கிடைக்காத காலம்) முன்பு 4 வருஷம் வரை இருந்தது, இப்போது 3 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது. அன்றைக்கே எழுதியிருந்தால், இந்நேரம் பாதி கழிந்திருக்கும்.

இப்போதாவது கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து நகலை வைத்துக்கொள்ளுங்கள். பிரீமியத்தை ஏற்றலாம், பாலிசியையே ரத்து செய்தாலும் செய்யலாம். கசப்புதான். ஆனால் ஆஸ்பத்திரி பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அதைக் கேள்விப்படுவதற்கு இது தேவலை. இனி யார் பாலிசி எடுத்தாலும், கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். அந்த 30 நாளுக்குள், பாலிசியோடு வரும் விண்ணப்பப் படிவ நகலைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: காலையிலேயே 'வீட்டுக்குப் போகலாம்' என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டும் முறை) ஒப்புதல் வர ராத்திரி 9 மணி. ஒருநாள் ரூம் வாடகை கூடுதலாகப் போட்டுவிட்டார்கள்!
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: டிஸ்சார்ஜ் ஒப்புதலைக் கம்பெனி 3 மணி நேரத்துக்குள் தர வேண்டும். தாண்டினால், அந்தத் தாமதத்தால் ஏறும் செலவு கம்பெனி தலையில். ஆனால் அந்த மணிக்கணக்கு ஓடத் தொடங்குவது, டாக்டர் 'போகலாம்' என்ற நிமிஷத்திலிருந்து அல்ல, ஆஸ்பத்திரி பில்லை அனுப்பிய நேரத்திலிருந்து. பல இடங்களில் பில் போடவே மத்தியானம் ஆகிவிடுகிறது. பில்லிங் கவுண்டரில், எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் யாரோடு சண்டை என்பது தெரியும்.

கேள்வி: ஜிஎஸ்டியை எடுத்துவிட்டார்களாமே, 66 வயது அப்பாவின் பிரீமியம் குறைந்த மாதிரியே இல்லையே?
- வாசகர், மேலப்பாளையம்

பதில்: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு 18 சதவீத வரி கிடையாது. பழைய ரசீதில் வரி நீங்கலான தொகையைப் பாருங்கள். அது 20,000 என்றால் அன்று கட்டியது 23,600. இன்று அடிப்படையையே 22,000 ஆக்கியிருந்தால் மிச்சம் 1,600தான். 60 வயது தாண்டியவர்களுக்கு ஆணையத்தைக் கேட்காமல் வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்திருக்கிறது. அதைத் தாண்டியிருந்தால் விடாதீர்கள், கேளுங்கள்.

கேள்வி: கிளெய்மை மறுத்துவிட்டார்கள். வக்கீல் வைக்கணுமா?
- வாசகி, முக்கூடல்

பதில்: வேண்டாம். முதலில் கம்பெனிக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு குறைதீர்ப்பாளருக்கு ஒரு வருஷத்துக்குள் எழுதலாம். 50 லட்சம் வரை அங்கே பார்ப்பார்கள், கட்டணம் கிடையாது.