மைனஸ் 10 டிகிரி எதற்கு?

அன்புள்ள ஐயா,

டிசம்பர் கடைசியில் நண்பர்களோடு ஜவ்வாது மலையில் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறோம். மைனஸ் 10 டிகிரி தாங்கும் ஸ்லீப்பிங் பேக் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். வாத்து இறகு நல்லதா, செயற்கைப் பஞ்சா? கால் பக்கம் குறுகிப் போகும் மம்மி வடிவம் வாங்கலாமா? போன முறை ஏலகிரியில் தார்ப்பாய் விரித்துப் படுத்து, கம்பளி போர்த்தியும் விடிய விடிய நடுங்கினேன்.

க., காட்பாடி

அன்புள்ள க.,

நீங்கள் போவது ஜமுனாமரத்தூருக்கா, லடாக்குக்கா? மார்கழியில் ஜவ்வாது மலையில் 15 டிகிரிக்குக் கீழே இறங்கும், பல் கிட்டும். தண்ணீர் உறையாது. அந்தப் பைக்குள் நுழைந்தால் நடுராத்திரியில் வேர்த்து, ஜிப்பைத் திறந்துபோட்டு, விடியற்காலையில் ஈரச் சட்டையோடு உட்கார்ந்திருப்பீர்கள். பையின் மேல் 'கம்ஃபர்ட்', அதாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர், 5 டிகிரி என்று போட்டிருந்தால் தாராளம். 'எக்ஸ்ட்ரீம்' என்று போட்டிருப்பது உயிர் தப்புவதற்கான கணக்கு, தூக்கத்துக்கானது அல்ல. இறகு நனைந்தால் சுருண்டுவிடும். நம் ஊர்ப் பனிக்குச் செயற்கைப் பஞ்சே போதும். மம்மியோ மாமியோ, கால் நீட்ட இடம் இருந்தால் சரி.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தத் தார்ப்பாய்தான். போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தார்ப்பாய் ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது ஐயா! எந்தப் பையும் தானாகச் சூடு தருவதில்லை. பஞ்சுக்குள் நிற்கும் காற்றுதான் உங்கள் உடம்புச் சூட்டைப் பிடித்து வைக்கிறது. முதுகுக்குக் கீழே இருக்கிற பஞ்சு உங்கள் எடையில் நசுங்கிவிடும், காற்றும் போய்விடும். அப்புறம் உங்களுக்கும் மண்ணுக்கும் நடுவே வெறும் துணிதான். பையில் போட்டிருக்கும் டிகிரியைக் கணக்கிட ஆய்வகத்தில் சூடேற்றிய பொம்மை ஒன்றைப் பைக்குள் படுக்க வைக்கிறார்கள். அந்தப் பொம்மைக்கே அடியில் பாய் போடுகிறார்கள். உங்களுக்குப் போட ஆளில்லை.

சின்ன வயதில் தை மாதம் தாத்தாவோடு நெல் களத்துக் காவலுக்குப் போவேன். முழங்கால் உயரத்துக்கு வைக்கோல், மேலே சாக்கு, அதன்மேல் கோரைப்பாய். போர்த்திக்கொள்ள ஆயாவின் பழைய நூல்சேலைதான், இரண்டாக மடித்தது. தினமும் சாயங்காலம் தாத்தா அந்த வைக்கோலை அள்ளி உதறிப் போடுவார். முந்தின ராத்திரி அமுங்கியது அமுங்கியபடியே கிடந்தால் ஒரு வசவு விழும். ஒரு வருஷம் பட்டணத்திலிருந்து வந்த மாமா, வைக்கோல் அரிக்கும் என்று சிமெண்டுக் களத்திலேயே கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்தார். நடுச்சாமத்தில் சத்தமில்லாமல் வந்து எங்கள் நடுவில் நுழைந்தார். தாத்தா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "கீய ஒண்ணும் போடாம மேல எவ்ளோ போத்தி இன்னாடா புண்ணியம்?"

நீங்கள் போகிற மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுவியிருக்கிறார்கள். வானம் அவ்வளவு சுத்தம். மேகம் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுக் கிடக்கும். நீங்கள் நட்சத்திரம் பார்க்க ஆசைப்படுகிற ராத்திரியும் அதுதானே?

ஆகவே பையை மலிவாக வாங்கி, மிச்சக் காசில் ஃபோம் பாய் இரண்டு வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். காற்றடிக்கும் சாதா மெத்தை வேண்டாம். உள்ளே காற்று புரண்டுகொண்டே இருக்கும், சூடு தங்காது. அப்புறம், காட்டுக்குள் கூடாரம் போட வனத்துறையிடம் அனுமதி வாங்கியாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லையே!