சிறுநீர் அறிக்கையில் எபிதீலியல் செல்கள்: எத்தனை என்பதைவிட எந்த வகை என்று கேளுங்கள்

கேள்வி: என் வயது 34. சிறுநீர்ப் பரிசோதனையில் எபிதீலியல் செல்கள் 10-12, சீழ் செல்கள் 2-3 என்று வந்திருக்கிறது. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லை. பெரும்பாலான புற்றுநோய்கள் எபிதீலியத்தில்தான் தொடங்குகின்றன என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. என்ன செய்வது?

பதில்: நீங்கள் படித்தது சரிதான், அம்மா. ஆனால் இந்த எண் புற்றுநோயின் அறிகுறி அல்ல.

உடலின் திசுக்கள் நான்கு வகை: எபிதீலியம், இணைப்புத் திசு, தசை, நரம்பு. இவற்றில் எபிதீலியம்தான் தோலுக்கும் வாய்க்கும் குடலுக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் மேற்போர்வை. அதற்குள் இரத்தக் குழாய் கிடையாது. அடியிலிருந்து ஊறிவரும் சத்தில்தான் வாழ்கிறது. உராய்வில் பழைய செல்கள் உதிர, புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். அப்படி உதிர்ந்தவை சிறுநீரில் வருவது இயல்பு. சீழ் செல்கள் வேறு குடும்பம். அவை வெள்ளையணுக்கள், இரத்தமோ இணைப்புத் திசுவைச் சேர்ந்தது.

நுண்ணோக்கியில் தட்டை எபிதீலியச் செல்லைப் பார்த்தால் மறக்க முடியாது. ஓரம் மடிந்த அப்பளம் போல அகலமாக, நடுவில் சின்னஞ்சிறு உட்கருவோடு கிடக்கும். இது சிறுநீர்த் துளையின் வாய்ப்பகுதியிலிருந்தோ பிறப்புறுப்பிலிருந்தோ வந்து கலப்பது. சிறுநீர்ப்பையின் உட்பூச்சு இன்னொரு வகை. பை நிரம்பினால் தட்டையாகும், காலியானால் திரண்டுகொள்ளும். மூன்றாவது, சிறுநீரக நுண்குழல் செல். வெள்ளையணுவைவிடச் சற்றே பெரியது. இது கூடுதலாகத் தென்பட்டால்தான் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று கவலையோடு தேடுவோம். இப்படி மூன்று இருக்க, வகையைச் சொல்லாமல் எண்ணை மட்டும் அச்சிட்டுத் தருவது எனக்கு நெடுநாள் மனக்குறை.

தொந்தரவு எதுவும் இல்லை, சீழ் செல்களும் குறைவு என்பதால், உங்களுடையவை பெரும்பாலும் தட்டைச் செல்களாகவே இருக்கும். ஆய்வகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த எண்ணைப் பார்த்து நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

பரிசோதனையை மறுபடி செய்துவிடலாம். மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். பிறப்புறுப்பை முன்னிருந்து பின்னாக வெறும் தண்ணீரால் கழுவுங்கள். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பிடியுங்கள். குப்பியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. 2 மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள்.

நுண்குழல் செல்கள், புரதம், சிவப்பணுக்கள் என்று அறிக்கையில் வந்தாலோ, சிறுநீர் சிவந்து போனாலோ, வலி இல்லை என்று தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.