புல்லட் ஹெட்டைக் குடைவதா, மாற்றுவதா?

அம்பாசமுத்திரத்து வாசகர் ஒருவரின் கேள்வி: "2013 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வைத்திருக்கிறேன். அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. நாகர்கோவில் போகும்போது பணகுடி தாண்டியதும் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. பட்டறை அண்ணாச்சி ஹெட்டை (சிலிண்டரின் மேல் மூடி) போர்ட்டிங் பண்ணலாம் (காற்றும் புகையும் போகும் துளைகளான போர்ட்டுகளைக் குடைவது) என்கிறார். மச்சானோ வேகத்துக்கென்று மாற்றிச் செய்த பெர்ஃபார்மன்ஸ் ஹெட் ஒன்றை வாங்கிப் போடச் சொல்கிறான். எதைச் செய்ய?"

முதலில், எந்த மாதத்தில் இழுக்கவில்லை? ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக அடிக்கிற மேல்காற்றுக்காகத்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள். அந்தக் காற்றுக்கு எதிரே நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்து ஓட்டினால் எந்த 350-உம் திணறும். அதே சாலையில் திருநெல்வேலி பக்கம் திரும்பும்போது வண்டி நன்றாக ஓடுகிறதென்றால் ஹெட்டின் மேல் பழி போடாதீர்கள்.

போக வர இரண்டு பக்கமும் இழுக்கவில்லையா? சரி, ஹெட்டைக் கழற்றுங்கள். ஆனால் கழற்றிய உடனே கிரைண்டரை எடுக்க விடாதீர்கள். போர்ட்டுகளைத் திறந்து மூடும் வால்வுகளை மாட்டியபடியே வைத்து, போர்ட்டின் வாய் மேலே பார்க்கும்படி ஹெட்டைச் சாய்த்து மண்ணெண்ணெய் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் டீசல். காற்று உள்ளே வரும் இன்டேக் முதலில், புகை வெளியே போகும் எக்சாஸ்ட் அப்புறம். ஐந்து நிமிடத்தில் வால்வின் ஓரம் நனைந்தால் கம்ப்ரெஷன் (சிலிண்டரின் அழுத்தம்) அங்கேதான் போகிறது. பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றி, வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கையில் தெளிவாக ஆட்டம் தெரிந்தால், வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு தேய்ந்துவிட்டது. பிளக் மரையையும், வால்வுகள் உட்காரும் வளையங்களான இரண்டு சீட்டுக்கும் நடுவே உள்ள இடத்தையும் வெளிச்சத்தில் பார்ப்பது கட்டாயம். விரிசல் விழுவது அங்கேதான்.

கசிவு மட்டும்தான் என்றால் சீட் வெட்டி, வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலே பாதி பிக்கப் திரும்பிவிடும். கைடும் போயிருந்தால் கைடு மாற்றி, அதற்குப் பின்புதான் சீட் வெட்ட வேண்டும். வரிசை மாறினால் வால்வு நடுவில் உட்காராது. விரிசல் இருந்தாலோ, மரை, கைடு, சீட் மூன்றுமே போயிருந்தாலோ கம்பெனி ஹெட் புதிதாக வாங்குங்கள். லேத் கூலியைக் கூட்டிப் பார்த்தால் புதிதின் விலையை நெருங்கிவிடும்.

இப்போது போர்ட்டிங். உங்கள் இன்ஜின் 346 சிசி. போர் (சிலிண்டரின் விட்டம்) 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. 19.8 குதிரைசக்தி வருவது 5,250 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்று), முழு டார்க் (இழுவை) வருவது 4,000-த்தில். போர்ட்டை அகலமாக்கினால் பலன் கிடைப்பது பெரும்பாலும் மேல் ஆர்பிஎம்மில். இவ்வளவு நீளமான ஸ்ட்ரோக் உள்ள இன்ஜினை அங்கே கொண்டுபோய் முறுக்கவும் கூடாது. வால்வைத் தூக்கும் கேம் மாறாதவரை வால்வு திறந்திருக்கிற நேரமும் அதிகமாகாது. கீழ் ஆர்பிஎம்மில் இழப்பு நிச்சயம். வாய்க்காலை அகலமாக வெட்டினால் தண்ணீர் நடை தளரும் என்று அம்பைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காற்றும் அப்படியே: வேகம் குறைந்தால் சிலிண்டர் சரியாக நிரம்பாது, மாஞ்சோலை ஏற்றத்தில் கியரைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

அப்படியானால் குடையவே கூடாதா என்றால், கூடும், அளவோடு. சீட்டுக்கு உடனே கீழே, சீட் வளையமும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஒரு மேடு நகத்தில் தட்டும். அதைச் சரித்து எடுக்கலாம். போர்ட் வளையும் இடத்தில் உள்பக்க முனையை மழுக்கலாம். கார்புரேட்டர் ரப்பரின் வாயும் போர்ட்டின் வாயும் படி இல்லாமல் சேர வேண்டும். இன்டேக்கைக் கண்ணாடிபோல் பாலிஷ் போடுவது வீண் வேலை. லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் சுவரில் படிந்து வழியாது. எக்சாஸ்ட்டை மினுக்கலாம், கரி பிடிப்பது குறையும். இதற்கெல்லாம் மேல், சீட்டை மூன்று கோணத்தில் வெட்டச் சொல்லுங்கள். வால்வு தன் விட்டத்தில் கால் பங்கு எழும்பும்வரை காற்றை நெரிப்பது சீட் இடுக்குதான், போர்ட் இல்லை.

மச்சான் சொல்கிற ஹெட்டை விற்பவரிடம், வால்வு விட்டம் எவ்வளவு, எந்தக் கேமுக்கு, எந்தக் கார்புரேட்டருக்குச் செய்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அது பாலிஷ் போட்ட சாதா ஹெட். பெரிய வால்வு நிஜமாகவே இருந்தாலும் கேம், கார்புரேட்டர், சைலன்சர் மூன்றும் மாறாமல் அதற்கு வேலை இல்லை.

ஆசை அடங்கவில்லையென்றால் பழைய ஹெட் ஒன்றை விரிசல் பார்த்து வாங்கி, அதில் வேலை செய்யுங்கள். உங்களுடையது அப்படியே இருக்கட்டும். வெட்டி எடுத்த அலுமினியத்தை வெல்டிங்கில் நிரப்பினால் ஹெட் சூட்டில் வளையும், சீட்டும் லூசாகலாம். எந்த ஹெட்டைப் போட்டாலும் நான்குவழிச் சாலையில் ஆக்சிலேட்டரைப் பெரும்பகுதி திறந்து ஒரே வேகத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, இன்ஜினை அணைத்துப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை; கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.