ஹொமாரே சாவா ஏன் இவ்வளவு போற்றப்படுகிறார்?

டோக்கியோவின் ஃபுச்சூவில் 1978இல் பிறந்த சாவா, 15 வயதில் ஜப்பான் மகளிர் கால்பந்து அணிக்குள் வந்தவர். ஆறு உலகக் கோப்பைகளில் ஆடினார்; நாட்டுக்காக 205 ஆட்டங்களில் 83 கோல்கள்.

ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது 2011 உலகக் கோப்பை இறுதியாட்டம்தான். 117ஆவது நிமிடம்; அமெரிக்கா 2-1 என முன்னிலை. சக வீராங்கனை மியாமா அடித்த கார்னர் பந்தை நோக்கி அருகிலுள்ள கோல் கம்பத்துக்கு ஓடி, வலது காலின் வெளிப்புறத்தால் தட்டிவிட்டார். நுட்பமும் துணிச்சலும் சேர்ந்த அபாரமான கோல் அது! பிறகு பெனால்டியில் ஜப்பான் வென்றது.

ஐந்து கோல்களுடன் அதிக கோலுக்கான தங்கக் காலணி, தொடரின் சிறந்த வீராங்கனைக்கான தங்கப் பந்து, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் ஆண்டின் சிறந்த வீராங்கனை விருது மூன்றும் அவருக்கே. அதற்கு முன் பிரேசிலின் மார்த்தா ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்ற விருது அந்த ஃபிஃபா விருது. ஜப்பான் அரசின் மக்கள் கௌரவ விருது அவரது அணிக்குக் கிடைத்தது; ஒரு குழுவுக்கு அது கிடைத்தது அப்போதுதான் முதல்முறை.

2015 டிசம்பரில், ஜப்பானின் உள்நாட்டு மகளிர் கால்பந்துத் தொடரான பேரரசி கோப்பை இறுதியில் வெற்றி கோலை அடித்துவிட்டு ஓய்வுபெற்றார்.