மணிக் காப்பு பின்னத் தொடங்குபவருக்கு ஆறு நிறங்கள் ஏன் வேண்டும்?

கம்பளி நூலில் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) பின்னிப் பழகிய, இலங்கை மலையகத்து ஹட்டன் வாசகி ஒருவர், மணி கோத்த உருளைக் காப்பை ஒரே நிறச் சிறுமணிகளில் பின்ன முயன்றதாகவும், இரண்டு சுற்றுக்குப் பின் அடுத்த கண்ணி எதுவென்றே தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்.

குறை உங்கள் கையில் இல்லை. தெரிவு செய்த மணியில்தான் இருக்கிறது. மணிகளின் இலக்கம் கூடக்கூட அளவு சிறுக்கும்: 11ஆம் இலக்க மணி ஏறத்தாழ 2 மில்லிமீற்றர், 8ஆம் இலக்கம் 3, 6ஆம் இலக்கம் 4. நீங்கள் 6 அல்லது 8ஆம் இலக்கத்தில் ஆறு நிறங்களை வாங்கி, பின்னத் தொடங்குமுன்பே அவற்றை ஒரே வரிசைமுறையில் திரும்பத் திரும்ப நூலில் கோத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒரு சங்கிலிக் கண்ணியாக ஆறு போட்டு வளையமாக இணைத்தால், அதன்பின் சிவப்பு மணியின் மேல் சிவப்பும் நீலத்தின் மேல் நீலமுமே வரும்; நிறம் மாறினால் ஒரு கண்ணி தவறிவிட்டதென்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

ஒவ்வொரு கண்ணியிலும் கவனிக்க வேண்டியது இதுதான்: குரோஷே ஊசியைக் கீழ்ச்சுற்று மணியின் இடப்பக்கமாக, அம்மணியைத் தாங்கும் நூலுக்கடியில் நுழைத்து, அந்த மணியை ஊசியின் வலப்பக்கம் தள்ளி, புதிய மணியை ஊசியை ஒட்ட இறக்கி, நூல் பழைய மணியின் மேலாகச் செல்லும்படி பிடித்துக்கொண்டு, அந்நூலை ஊசியால் கொளுவி, ஊசியிலுள்ள இரண்டு கண்ணிகளுக்குள்ளாலும் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். பழைய மணியைத் தள்ள மறந்தால் அது உருளைக்குள் விழுந்துவிடும். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் பக்கங்களை மாற்றிக்கொள்ளலாம்.

கம்பளிக்கான தடித்த ஊசி இதற்கு உதவாது. 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரையான உருக்கு ஊசி வேண்டும். நூல் நுனியில் நகப்பூச்சைத் தடவிக் காயவிட்டால் அதுவே கோக்கும் ஊசியாகிவிடும். பின்னும்போது நடுவில் மணி சேர்ப்பது பெருந்தொல்லை என்பதால், முதலில் 2 சென்ரிமீற்றர் பின்னி, அதற்குச் சென்ற மணிகளை எண்ணி முழு நீளத்துக்குக் கணக்கிட்டு, சற்றுக் கூடுதலாகவே கோத்துக்கொள்ளுங்கள்.

தென்மேல் பருவமழை மாதங்களில் உங்கள் பக்கத்து ஈரத்துக்குப் பருத்தி நூல் எளிதில் காயாது, பூஞ்சணமும் பிடிக்கும். பொலியெஸ்டர் அல்லது நைலோன் நூலே நல்லது. மணிகளில் இரண்டொன்றை ஈரமான வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அவற்றை ஒதுக்கிவிடுங்கள். காப்பைப் பூட்டும் கொளுக்கியும் துருப்பிடிக்காத உருக்கில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.